உன் கலருக்கு எடுக்காது

நவம்பர் 9, கேள்வி
இதுவரை குழந்தைத் தொப்பியும் மப்ளரும்தான் பின்னியிருக்கிறேன். இப்போது முதன்முதலாக எனக்கென்று ஒரு ஸ்வெட்டர் பின்னப் போகிறேன். நான் மாநிறத்துக்கும் ஒரு படி கூடுதல் கறுப்பு. மஞ்சள் நூல் வாங்க ஆசை. "உன் கலருக்கு எடுக்காது, பேசாமல் மெரூன் எடு" என்கிறாள் அக்கா. எனக்கு எந்தக் கலர் பொருந்தும் என்று நெட்டில் பார்த்தால் நீ வசந்தமா, இலையுதிர்காலமா என்று கேட்கிறார்கள். புடவைக்கு மேலும் போட வேண்டும், சுடிதாருக்கும் வேண்டும். எந்தக் கலர், எந்த ஸ்டைல் என்று பின்னுகிறவர்கள் சொல்லுங்கள்.

நவம்பர் 9, இரவு 10.40
மஞ்சளே வாங்குங்கள். "எடுக்காது" என்கிற சொல்லை நாற்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் தங்கைக்கு வாடாமல்லி, ஆனந்தா நீலம், கிளிப்பச்சை எல்லாம் வரும். எனக்கு எப்போதும் பிஸ்கட் நிறம். கறுப்பாக இருக்கிற பெண்ணுக்கு அடிக்கிற கலர் போட்டால் இன்னும் கறுப்பாகக் காட்டும் என்பது அம்மாவின் கணக்கு. குன்னூரில் வருஷத்தில் பாதி நாள் ஸ்வெட்டரோடுதான் நடமாட்டம் என்பதால் என் சின்ன வயதுப் படங்களில் ஒரு பிஸ்கட் ஸ்வெட்டரும் அதற்கு மேல் இரண்டு கண்களும்தான் தெரியும். முகமும் நூலும் ஒரே அளவு வெளிச்சமாக இருந்ததுதான் கோளாறு. கறுப்பா சிவப்பா என்பதே பிரச்சினை இல்லை. முகத்தைவிட நன்றாக வெளுத்த நிறம், இல்லாவிட்டால் நன்றாக அடர்ந்த நிறம், இரண்டில் ஒன்று கழுத்தருகே இருந்தால் முகம் தனியாக எழுந்து நிற்கும். நடுவில் முகத்துக்குச் சமமாக வந்து உட்காருகிற நிறம்தான் ஆளை விழுங்குகிறது.

நவம்பர் 10, காலை
ராத்திரி அவசரத்தில் மஞ்சள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். எந்த மஞ்சள் என்று கேட்டிருக்க வேண்டும். எலுமிச்சை மஞ்சளில் ஒரு பச்சை ஓடும். அது என் முகத்துக்குக் கீழே வந்தால் காமாலையில் படுத்து எழுந்தவள் மாதிரி இருக்கிறேன். என்னைவிடக் கறுப்பான பக்கத்து வீட்டு அக்கா போட்டால் அதே நூல் ஜொலிக்கிறது. ஆகவே அதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். கடைகளில் மஸ்டர்ட் என்று ஒன்று கொடுப்பார்கள். நம் வீட்டுக் கடுகு கறுப்பு, அது எப்படி மஞ்சளுக்குப் பெயரானது என்று எனக்கு வெகுநாள் குழப்பம். நான் அதைச் சாம்பார் மஞ்சள் என்றுதான் சொல்வேன். அழகான நிறம்தான், ஆனால் மாநிறத்துக்குக் கிட்டத்தட்ட சமமான அடர்த்தி, நேற்று சொன்ன கோளாறு அங்கேயும் வரும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் சாமந்தி மஞ்சள். மாம்பழ மஞ்சளும் சரி.

ஒரு சோதனை சொல்கிறேன். நூல் உருண்டையைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து, ஜன்னலோரம் நின்று போனில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். உருண்டையும் கன்னமும் ஒரே சாம்பலாக ஒட்டிக்கொண்டால் திருப்பி வைத்துவிடுங்கள். இரண்டு கலரில் பூ வைத்துப் பின்னுகிறவர்களும் இதைத்தான் செய்வார்கள். சிவப்பும் பச்சையும் கையில் பார்க்கும்போது சண்டை போடும், கறுப்பு வெள்ளைப் படத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். பின்னி முடித்தால் பூ எங்கே என்று தேட வேண்டும்.

நவம்பர் 10, மதியம்
வீட்டுக்காரரிடம் கேட்டுப் பார்க்கலாமே என்று எழுதியவருக்கு: என் வீட்டுக்காரர் பதினெட்டு வருஷமாக எல்லாவற்றுக்கும் "நல்லாத்தான் இருக்கு" என்கிறார். ஒரு தடவை கை மட்டும் பின்னியிருந்ததைக் காட்டினேன். அதற்கும் அதே பதில்.

நவம்பர் 12
வசந்தம், இலையுதிர்காலம் விஷயம். யோஹன்னஸ் இட்டன் என்ற சுவிஸ் ஓவியர் ஜெர்மனியில் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் பாடம் நடத்தியவர். நிறங்களைப் பருவகாலங்களோடு சேர்த்துப் பேசியவர்களில் அவர் முக்கியமானவர். பிற்பாடு அமெரிக்காவில் அழகு ஆலோசனை சொல்கிறவர்கள் அதை முடி நிறம், கண் நிறம், தோல் நிறம் என்று கட்டம் போட்டு வியாபாரமாக்கினார்கள். பொன்முடி நீலக்கண், செம்முடி பச்சைக்கண் என்று ஆளுக்கொரு விதமாக இருக்கிற இடத்தில் அந்தக் கட்டங்களுக்கு ஏதோ வேலை இருக்கலாம். நம்மில் முக்கால்வாசிப் பேருக்கும் கறுப்பு முடி, பழுப்புக் கண். எல்லோரும் ஒரே கட்டத்தில் போய் விழுகிறோம். ஐப்பசியா பங்குனியா என்று கேட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பேன்.

அதைவிட உங்கள் பீரோவைத் திறங்கள். எந்தப் புடவை கட்டிய அன்று நாலு பேர் "எங்கே எடுத்தீங்க" என்று கேட்டார்கள்? அதுதான் உங்கள் அட்டவணை. நிறத்துக்குப் பெயர் வைப்பதில் நமக்கா பஞ்சம்? அரக்கு, வெங்காயத்தோல், மயில்கழுத்து, பாசிப்பச்சை, கத்தரிப்பூ, எம்.எஸ். நீலம் என்று ஒரு பாட்டுக்காரியின் பெயரில்கூட ஒன்று இருக்கிறது. பட்டுக்கடையில் பாயில் உட்கார்ந்து தோளில் போட்டுப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் நமக்கு. நூல் கடைக்குப் போனதும் அதை மறந்துவிட்டு மெரூன், நேவி என்று ஆரம்பிக்கிறோம்.

நவம்பர் 15
போன குறிப்பைப் படித்துவிட்டுப் பீரோவைத் திறந்து நேராக நூல் வாங்கிவிடாதீர்கள். நான் அப்படிச் செய்து 600 கிராம் மெரினோ கம்பளி நூலைக் கெடுத்தவள். என் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டு இன்றைக்கும் எனக்கு எடுப்புதான். அதே நிறத்தில் நூல் தேடி, மாதிரித் துண்டு வரைக்கும் வாங்கி, புடவையோடு ஒட்டிப் பார்த்துத்தான் ஆரம்பித்தேன். உருண்டையாக இருந்தபோது அச்சு அசல் அதே அரக்கு. பின்னி முடித்துப் போட்டால் மழையில் நனைந்த செங்கல்.

பட்டு இழை வழவழப்பு, வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிக்கும். பக்கத்தில் ஜரிகை வேறு. கம்பளி இழையில் சிறு செதில்களும் சிலும்பலும் இருப்பதால் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறிப்போகிறது. போதாததற்குப் பின்னலில் ஒவ்வொரு கண்ணிக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன நிழல் விழுகிறது. அத்தனை நிழலும் சேர்ந்து நிறத்தை ஒரு படி இறக்கிவிடும். ஆகவே புடவையில் பிடித்த நிறத்தை நூலில் எடுக்கும்போது ஒரு படி துலக்கமாக எடுங்கள். அரக்கு வேண்டுமென்றால் மிளகாய்ப்பழத்துக்குக் கிட்டத்தில் போக வேண்டும். கயிறு முறுக்கினாற்போல வருகிற கேபிள் பின்னலில் நிழல் இன்னும் அதிகம். நேவி நீலத்தில் மூன்று மாதம் கேபிள் போட்டு ஒரு ஸ்வெட்டர் பின்னினேன், ஒருத்தருக்கும் அது கேபிள் என்று தெரியவில்லை. தடவிப் பார்த்த மாமியாருக்கு மட்டும் தெரிந்தது.

மயில்கழுத்து மட்டும் என்னைக் கைவிடவில்லை. பட்டில் அது ஒரு நிறமே கிடையாது, பாவு ஒரு நிறம் ஊடை ஒரு நிறம், அசைந்தால் நீலமும் பச்சையும் மாறி மாறி வரும். பின்னலில் பாவும் ஊடையும் இல்லை. ஆனால் இரண்டு மெல்லிய நூலைச் சேர்த்துப் பிடித்துப் பின்னலாம். நீலம் ஒன்று, பச்சை ஒன்று. பட்டு மாதிரி மாறாது, ஆனால் தட்டையாகவும் இருக்காது, உள்ளுக்குள் ஏதோ ஓடுகிற மாதிரி இருக்கும். என்னிடம் இருப்பதிலேயே அதிகம் போட்டது அந்த ஸ்வெட்டர்தான்.

நவம்பர் 16
உல்லன் நூல் என்று கடையில் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். அதற்குச் செதிலும் இல்லை, கொஞ்சம் பளபளப்பும் உண்டு, அதனால் நிறம் அவ்வளவு இறங்காது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரிதான், ஒப்புக்கொள்கிறேன். நான் சொன்னது கம்பளிக்கு. அக்ரிலிக்கில் உருண்டையில் பார்ப்பதுதான் ஏறக்குறைய வரும். ஆனால் இஸ்திரிப் பெட்டியை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள், தொய்ந்து பளபளத்துப் போய்விடும். இதைச் சொல்கிற தகுதி எனக்கு எப்படி வந்தது என்று கேட்க வேண்டாம்.

நவம்பர் 21
இன்று நாலு நாளாக மூட்டம். எதிர்வீட்டுக் கதவு தெரியவில்லை. இந்த வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லவே இல்லை என்று தோன்றியது.

கோயம்புத்தூர் வெயிலில் பஞ்சுமிட்டாய் நிறம் கண்ணைக் குத்தும். அதே நூல் மேலே வந்து மூட்டத்தில் நின்றால் பதவிசாகிவிடுகிறது. மூட்டத்து வெளிச்சத்தில் கொஞ்சம் நீலமும் சாம்பலும் கலந்திருப்பதால் ஏற்கெனவே சாம்பல் ஓடுகிற நிறங்கள், அதாவது அந்த வெங்காயத்தோல், தூசிப்பச்சை வகையறா, செத்துப்போகின்றன. படங்களில் பார்க்க அவைதான் எவ்வளவு நாகரிகமாக இருக்கின்றன! அந்த ஆசையில் தூசிப்பச்சையில் ஒன்று பின்னினேன். அதைப் போட்ட அன்றைக்கெல்லாம் "உடம்பு சரியில்லையா?" என்று பஸ் ஸ்டாண்டு வரை விசாரிப்பு. பஞ்சுமிட்டாய்க்கு அப்படி யாரும் கேட்கவில்லை. ஆகவே எந்த ஊரில் போடப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சென்னையில் ஏசி ஆபீசுக்கு என்றால் நான் சொன்னதில் பாதி பொருந்தாது, அங்கே குழல்விளக்குதான் சூரியன்.

நவம்பர் 22
குழல்விளக்கு என்றதும் நினைவு வருகிறது. ஒரே நிறம் என்று கடைக்குள் ஒட்டிப் பார்த்து வாங்கிய இரண்டு உருண்டை, வெளியே வந்தால் வேறு வேறாக இருக்கும். இரண்டு வேறு சாயம் ஒரு விளக்கில் ஒன்றுபோல் தெரிந்து இன்னொரு விளக்கில் பிரிந்துவிடும். லேபிளில் இருக்கிற லாட் எண்ணைப் பாருங்கள், ஒரே தடவையில் சாயம் தோய்த்த நூலுக்குப் போடுகிற எண் அது. எல்லா உருண்டையிலும் அதே எண் வேண்டும். ஒரு உருண்டை கூடுதலாக வாங்கி வைத்துவிடுங்கள். நான் வாங்கிய இடத்தில் "எல்லாம் ஒரே கலர்தாங்க, எண்ணு சும்மா" என்றார்கள். என் கத்தரிப்பூ ஸ்வெட்டரில் வலது கை மட்டும் ஒரு சாயல் சிவப்பு. நட்டநடு வெயிலில் நின்றால் போதும், காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அதை மழைக்காலத்தில்தான் போடுகிறேன்.

நவம்பர் 28
கறுப்பு நிறம் எல்லோருக்கும் பொருந்தும், யோசிக்காமல் எடுக்கலாம் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை, ஆனால் ஏன் என்று சொல்ல ஒரு பழைய கதைக்குப் போக வேண்டும். பாரிஸில் கோபெலின் என்ற அரசுத் திரைச்சீலை நெசவுக்கூடம். 1824இல் மிஷேல் எழேன் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் அங்கே சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். கறுப்புச் சாயம் சரியில்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்தால் வெளிறித் தெரிகிறது என்று புகார். மனிதர் மற்ற இடங்களின் கறுப்பு நூலையெல்லாம் வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்தார், சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்து நிறம்தான் கண்ணை ஏமாற்றியது. அதைப் பிடித்துக்கொண்டு ஆராய்ந்து 1839இல் பெரிய புத்தகமாகவே போட்டுவிட்டார். 102 வயது வரை இருந்தார், நிறத்தைப் பற்றிக் கவலைப்பட்டால் ஆயுள் கூடும் போலிருக்கிறது.

நமக்கு இதில் என்ன? கறுப்பு ஸ்வெட்டர் தனியாக எதையும் செய்வதில்லை. பக்கத்தில் இருக்கிற முகத்தோடும் புடவையோடும் சேர்ந்துதான் செய்கிறது. கறுப்புக்குப் பக்கத்தில் முகம் இருக்கிறதைவிட வெளுத்துத் தெரியும், அதை எல்லோரும் விரும்புவார்கள். ஆனால் நாற்பத்தைந்துக்கு மேல் கண்ணுக்கடியில் இருக்கிற கருவளையமும் அதோடு சேர்ந்து கணக்கில் வந்துவிடுகிறது. எனக்கு அப்படித்தான் ஆகிறது. என் பெண் போட்டால் ஒன்றும் இல்லை.

எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் மலையிலேயே தோடர் பழங்குடியினரின் பூத்துக்குளிப் போர்வை இருக்கிறது. வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக எம்பிராய்டரி, 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல கறுத்த முகமுள்ள ஒரு பாட்டி அதைப் போர்த்திக்கொண்டு ஊட்டி மார்க்கெட்டில் நின்றதைப் பார்த்த பிறகுதான் வெள்ளை நூல் வாங்கும் தைரியம் எனக்கு வந்தது. வெள்ளை என்றால் பால்வெள்ளை இல்லை, கொஞ்சம் பழுப்பேறிய வெள்ளை.

டிசம்பர் 3
கேள்வி கேட்டவர் ஸ்டைல் பற்றி நினைவூட்டியிருக்கிறார். மன்னிக்கவும், கலரிலேயே மூன்று வாரம் போய்விட்டது.

வெளிநாட்டு மாதிரிகள் எல்லாம் பேன்ட் போடுகிறவர்களுக்கு எழுதியவை. புடவைக்கு மேல் போடுவதற்கு யாரும் எழுதுவதில்லை. ஆகவே நானாகப் பட்டுத் தெரிந்துகொண்டவை இவை. முதலில், தலைவழியாகப் போடுகிற ஸ்வெட்டர் வேண்டாம். கொசுவம் கலைந்து, பூ கசங்கி, பின் குத்திய இடத்தில் நூல் இழுத்து, எல்லாம் நடக்கும். முன்பக்கம் திறந்து பட்டன் வைத்ததுதான் சரி. கழுத்து வி வடிவத்தில் கொஞ்சம் ஆழமாக இருக்கட்டும். அந்த இடைவெளியில் புடவையும் தாலிச் செயினும் தெரியும். மூடிய வட்டக் கழுத்து போட்டால் அவ்வளவு நல்ல புடவையும் கீழே பாவாடை மாதிரி ஆகிவிடுகிறது.

இரண்டாவது நீளம். இதில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறோம். அடியில் வழக்கமாக வைக்கிற ரிப், அதாவது நிட் (நேர்க்கண்ணி) இரண்டு பர்ல் (புரட்டுக்கண்ணி) இரண்டு என்று போடுகிற பட்டை, உள்ளே இழுத்துப் பிடிக்கும். ஜீன்ஸ் இடுப்புக்கு அது அழகு. புடவையில் அது போய்க் கொசுவத்தை இறுக்கிப் பிடித்தால் மேலே துணி பொங்கி ஆள் பானை மாதிரி தெரிவாள். நான் ஆறு வருஷம் பானையாக இருந்தேன். இப்போது அடியில் ரிப் வைப்பதே இல்லை. எல்லா வரிசையும் நிட் மட்டும் போட்டால் வருகிற பட்டை இழுக்காமல் தட்டையாக விழும், அதைத்தான் வைக்கிறேன். நீளம் இடுப்பெலும்பைத் தாண்டி நாலு விரல். இடுப்பின் அகலமான இடத்தில் போய் முடியவே கூடாது, கண் நேரே அங்கேதான் போகும்.

மூன்றாவது இடது தோள். முந்தானை மடிப்பு ஐந்தாறு அங்கே அடுக்கி நிற்கிறது. சட்டை மாதிரி தோளில் கை தைத்துச் சேர்க்கிற வகையில் இடது பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு பட்டன்கள் கோணும். நான் புத்திசாலித்தனமாக இடது முன்பக்கத்தை இரண்டு சென்டிமீட்டர் கூட்டிப் பின்னினேன். புடவைக்குக் கச்சிதம். மறுநாள் சுடிதாருக்கு மேல் போட்டுக்கொண்டு போனால் இடது பக்கம் தொங்குகிறது, பார்க்கிறவர்களுக்கு நான் சாய்ந்து நடக்கிற மாதிரி. உங்களுக்கு இரண்டுக்கும் வேண்டும் என்பதால் ராக்லன் போடுங்கள், கழுத்திலிருந்து அக்குள்வரை சாய்கோடாக வருகிற கை. அதில் தோளில் தையல் இல்லாததால் மடிப்புக்கு இடம் கொடுக்கிறது. ஒடுங்கிய தோளுக்கு ராக்லன் இன்னும் ஒடுக்கமாகக் காட்டும் என்று சொல்வார்கள், உண்மைதான், ஆனால் முந்தானை அந்தக் குறையைத் தானே நிரப்பிவிடும்.

பாக்கெட் வேண்டாம் என்று ஒரு வரி எழுதி அழித்துவிட்டேன். தொங்கும், வடிவம் கெடும், எல்லாம் தெரியும். ஆனாலும் வைப்பேன். கை குளிருகிறதே.

டிசம்பர் 4
அளவு. மார்பளவோடு 10 சென்டிமீட்டர் கூட்டுங்கள். ரவிக்கை, முந்தானை, அதற்கு மேல் ஸ்வெட்டர் என்று அடுக்கு இருக்கிறது. பயந்துகொண்டு 20 கூட்டாதீர்கள், தளதளவென்று போட்டால் ஒல்லியாகத் தெரியும் என்பது கட்டுக்கதை.

இதைவிட முக்கியம் ஊசி நம்பர். நம் கடைகளில் பழைய பிரிட்டிஷ் கணக்கில் எண் போட்ட ஊசிகள் இருக்கும். அதில் 8 என்றால் 4 மில்லிமீட்டர். அமெரிக்க மாதிரியில் 8 என்றால் 5 மில்லிமீட்டர். எனக்கு இது தெரியாது. 10 சென்டிமீட்டருக்கு 18 கண்ணி என்று போட்டிருந்த மாதிரிக்கு நான் எட்டாம் நம்பர் ஊசியை எடுத்துக்கொண்டு 22 கண்ணி வருகிற கையோடு 180 கண்ணி ஏற்றினேன். 100 சென்டிமீட்டர் வர வேண்டியது 82தான் வந்தது. என் மார்பளவு 92. அந்த ஸ்வெட்டர் இப்போது எட்டாவது படிக்கிற அண்ணன் மகளிடம் இருக்கிறது, அவளுக்கு நன்றாக எடுக்கிறது. மாதிரித் துண்டு பின்னி, துவைத்து, காயவைத்து, பிறகு அளங்கள். துவைக்காமல் அளப்பது வீண் வேலை.

டிசம்பர் 11
குறுக்குக் கோடு போட்டால் குண்டாகக் காட்டும் என்கிற விதியை ஒருவர் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். 19ஆம் நூற்றாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி இதற்கு நேர்மாறாகச் சொல்லியிருக்கிறார்: ஒரு சதுரத்துக்குள் குறுக்குக் கோடுகளை அடுக்கினால் அது உயரமாகத் தெரியும், நெடுக்குக் கோடுகளை அடுக்கினால் அகலமாகத் தெரியும். காகிதத்தில் வரைந்து பார்த்தேன், உண்மை. உடனே உற்சாகமாக அங்குலத்துக்கு ஒரு கோடு என்று பின்னியும் பார்த்தேன், குண்டாகத்தான் இருந்தேன். மனுஷி சதுரம் இல்லை, வளைவு வந்த இடத்தில் கோடும் வளைந்து அதைக் காட்டிக்கொடுக்கிறது. மெல்லிய கோடாக, இரண்டு வரிசைக்கு ஒரு தடவை மாற்றினால் பரவாயில்லை. அடுத்த மாதம் கேட்டால் வேறு மாதிரி சொல்வேனோ என்னவோ.

டிசம்பர் 19
ஆண்களுக்கு என்ன கலர் என்று கேட்டவருக்கு: சாம்பல், பழுப்பு, பாட்டில் பச்சை தவிர எதைப் பின்னிக் கொடுத்தாலும் பெட்டிக்குள் போய்விடும். அப்பாவுக்கு ஒரு தடவை இலைப்பச்சையில் கை இல்லாத ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தேன். "நல்லா இருக்கும்மா" என்று வாங்கி அதற்கு மேல் கோட்டைப் போட்டுப் பட்டனையும் பூட்டிக்கொண்டார். குரங்குக் குல்லாவுக்கு மட்டும் அவருக்கு எந்தக் கலரும் சம்மதம். முகத்தில் பாதி மூடிவிடுவதால் எடுப்பு பற்றிய கேள்வியே எழவில்லை.

ஜனவரி 6
கேள்வி கேட்டவர் சாமந்தி மஞ்சளில் முதுகுப் பக்கம் முடித்து, படம் போட்டிருக்கிறார். கண்ணிகள் சீராக இருக்கின்றன. அக்கா என்ன சொன்னாள் என்று எழுதவில்லை.

எனக்கு ஒரு திருத்தம் பாக்கி. பொங்கலுக்கு முன்னால் பீரோ ஒழிக்கும்போது அம்மா பின்னிய கடைசி பிஸ்கட் ஸ்வெட்டர் கிடைத்தது. நான் காலேஜ் போனபோது கொடுத்தது, இரண்டு தடவைக்கு மேல் போட்டிருக்க மாட்டேன். குளிராக இருந்ததால், கட்டியிருந்த அரக்குப் புடவைக்கு மேல் சும்மா மாட்டிக்கொண்டு கண்ணாடிப் பக்கம் போனேன். முகத்தை விழுங்கவில்லை. கழுத்தோரத்தில் அரக்கு வந்து முகத்துக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டது, அதற்கு வெளியே பிஸ்கட் பார்டர் மாதிரி ஓடுகிறது. ஷெவ்ரலைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு இது எனக்கு ஏன் தோன்றவில்லை? அம்மா எனக்குத் தந்த புடவைகள் எல்லாமே அடர் நிறம். ஸ்வெட்டரைப் புடவையோடு சேர்த்துத்தான் யோசித்தாளோ, இல்லை மிச்ச நூலைத் தீர்த்தாளோ, கேட்க ஆள் இல்லை.

கை மட்டும் இரண்டு அங்குலம் குட்டை. மணிக்கட்டுப் பட்டையைப் பிரித்துவிட்டுக் கண்ணிகளை ஊசியில் எடுத்து வைத்திருக்கிறேன். அந்த பிஸ்கட் நிறத்துக்கு இனி லாட் எண் எங்கே தேடுவது, மயில்கழுத்தில் மீந்த நூலைத்தான் போடப் போகிறேன்.